முழு அளவு பிஸ்டலை ஆடைக்குள் சுமப்பது: ஹோல்ஸ்டர், பெல்ட், சட்டை

அமெரிக்காவில் புதிதாகத் துப்பாக்கி உரிமம் எடுத்தவர்கள் பலரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் வீட்டுப் பாதுகாப்புக்கும் ரேஞ்ச் எனும் பயிற்சிக் களத்தில் சுடுவதற்கும் என்று முழு அளவு பிஸ்டல் ஒன்றை வாங்குகிறார்கள். கைக்கு நன்றாகப் பொருந்துகிறது, சுட்டால் அதிகம் துள்ளுவதில்லை, குறி பார்த்த இடத்தில் விழுகிறது. அப்புறம், வெளியே போகும்போதும் இடுப்பில் இருக்கட்டும் என்று தோன்றும்போது, ‘இவ்வளவு பெரியதை எங்கே மறைப்பது’ என்ற தயக்கம் வருகிறது. உடனே உள்ளங்கை அளவில் இன்னொன்று வாங்கிவிடுகிறார்கள். அதில் சுண்டுவிரல் வைக்க இடம் இருக்காது, ஒவ்வொரு சூட்டுக்கும் கை உதறும். சுடுவதில் சுகம் இல்லாததால் ரேஞ்சுக்குப் போவதே குறைந்துவிடும். பழக்கமில்லாத துப்பாக்கியோடு ஊருக்குள் திரிவதில் யாருக்கும் பாதுகாப்பில்லை.

முழு அளவு பிஸ்டலை மறைக்க முடியும். அதில் பெரும்பங்கு வேலையைச் செய்பவை ஹோல்ஸ்டர் என்கிற உறையும் பெல்ட்டும்தான். மிச்சத்தைத்தான் சட்டை பார்த்துக்கொள்கிறது. புதியவர்கள் இதைத் தலைகீழாக, சட்டையிலிருந்து தொடங்குவதால்தான் தோற்றுப்போகிறார்கள்.

அதற்கு முன் சட்டம். 2022 ஜூனில் ப்ரூயென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்களும்கூடத் ‘தனிப்பட்ட தேவை இருக்கிறது என்று நிரூபி’ என்று விண்ணப்பதாரரிடம் கேட்க முடியாது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்துச் சுமக்கலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். ஆனாலும் உரிமம் எடுத்து வைப்பது நல்லது என்பேன். பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்த மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவருக்கு அந்த விலக்கு இல்லை. பள்ளி வாசலைக் கடக்காமல் எந்த ஊரில் கார் ஓட்ட முடியும்? இன்னொன்று: நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கு, அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டுக்கு, தடை. முழு அளவு பிஸ்டல்களோடு வழக்கமாக வருவது 15, 17 தோட்டா மேகசின்கள். மாநில எல்லையைத் தாண்டும்போது இதை மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது விசா விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் வந்து இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் சட்டத்தில் உள்ளன. ஆனால் அதை வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை. மீறினால் தண்டனையோடு நாடு கடத்தப்படும் ஆபத்தும் சேர்ந்து வரும் என்பதால், நண்பர் கொடுத்தார் என்று கையில் வாங்கிக் காரில் வைத்துக்கொள்வதுகூட விளையாட்டல்ல.

சரி, மறைப்பதற்கு வருவோம். முழு அளவு என்றால் எவ்வளவு? பலரும் அறிந்த கிளாக் 17-ஐ எடுத்துக்கொள்ளலாம். நீளம் ஏறக்குறைய 8 அங்குலம், குழல் 4.49 அங்குலம், மேகசினோடு உயரம் ஐந்தரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 17 தோட்டாக்களும் நிரப்பினால் எடை ஏறத்தாழ 900 கிராம். அதன் தம்பியான கிளாக் 19-இல் குழல் அரை அங்குலம் குறைவு, கைப்பிடியும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே சிறியது. ‘1911’ என்று பெயர் பெற்ற பழைய மாடல் பிஸ்டலோ 5 அங்குலக் குழலும் இரும்பு உடலுமாக, தோட்டா இல்லாமலே 1.1 கிலோ இருக்கும். ஆனால் தட்டையானது. அதனால்தான் இவ்வளவு கனத்தையும் பொருட்படுத்தாமல் அதை இன்றும் பலர் சட்டைக்குள் சுமக்கிறார்கள்.

இந்த அளவுகளில் மறைப்பவரைப் படுத்துவது எது? குழல் அல்ல. குழல் எவ்வளவு நீளமானாலும் பேன்ட்டுக்குள் இறங்கிவிடுகிறது, யார் கண்ணிலும் படாது. பெல்ட்டுக்கு மேலே நிற்பது கைப்பிடி. அதன் கீழ் மூலை, மேகசின் அடிப்பகுதி இருக்கிற இடம், சட்டையை முட்டிக்கொண்டு வெளியே புடைக்கும். இதைத்தான் அமெரிக்கர்கள் ‘பிரிண்டிங்’ என்கிறார்கள். ஆகவே நாம் மறைக்க வேண்டியது 8 அங்குலப் பிஸ்டலை அல்ல, கைப்பிடியின் அந்த ஒரு மூலையை.

நீளமான குழல் உண்மையில் மறைப்பதற்கு உதவியும் செய்கிறது. பெல்ட்டுக்குக் கீழே போகிற பகுதி நீளமாக இருந்தால் அது உடம்பில் அழுந்தி நெம்புகோல் போல வேலை செய்யும், மேலே கைப்பிடி உள்பக்கமாகச் சாயும். குட்டை பிஸ்டலில் எடை முழுக்க பெல்ட்டுக்கு மேலேயே தங்கிவிடுவதால் கைப்பிடி வெளியே கவிழப் பார்க்கும். சிறிய துப்பாக்கிக்கும் வேண்டுமென்றே நீளமான ஹோல்ஸ்டர் வாங்குபவர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இடுப்பில் எங்கே வைப்பது என்பதைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வது வழக்கம். தொப்புள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி. வலது கைக்காரர்கள் பெரும்பாலும் 3 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே பின்சரிவில் வைப்பார்கள், அல்லது முன்பக்கம் 1 மணி அருகே, தொடை இடுக்குக்கு மேல். முன்பக்கம் வைப்பதில் மறைப்பு அருமையாக அமையும். குனிந்தாலும் தெரியாது, கையும் எளிதில் போய்ச் சேரும். ஆனால் துப்பாக்கியின் வாய் தொடையின் பெரிய இரத்தக்குழாயை நோக்கி இருக்கும். உறையில் செருகும்போது ஒரு தவறு நேர்ந்தால் மீள்வது கடினம். எனவே புதியவர்கள் முதலில் பக்க இடுப்பில் பழகி, செருகும் பழக்கம் கையில் ஊறிய பிறகு முன்பக்கத்தை யோசிக்கட்டும் என்பதே என் எண்ணம். இதை மறுக்கும் நல்ல பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். பெல்ட்டுக்கு வெளியே மாட்டுகிற ஹோல்ஸ்டர் சுமப்பதற்கு மிகச் சுகமானது. ஆனால் பிஸ்டலின் முழு நீளத்தையும் சட்டையே மூட வேண்டியிருப்பதால் குளிர்காலத்து ஜாக்கெட்டுக்குத்தான் அது சரிப்படும்.

ஹோல்ஸ்டர் பற்றிப் பேசும்போது 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதியில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிளாக்சிகோ பரஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் நட்சத்திர வீரர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் வெற்றிப் பந்தைப் பிடித்திருந்தார். ஹோல்ஸ்டர் இல்லாமல் இடுப்பில் செருகியிருந்த கிளாக் நழுவிக் கால்வழியே இறங்க, அதைப் பிடிக்கப் போன கை ட்ரிகரில் பட்டுவிட்டது. குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் நியூயார்க்கில் செல்லும் உரிமம் அவரிடம் இல்லை. இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. கிளாக்கில் கையால் போடுகிற பாதுகாப்புப் பூட்டு கிடையாது. ட்ரிகர் அழுந்தினால் சுடும். எனவே ட்ரிகரைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்க வேண்டும், அந்தச் சுவர்தான் ஹோல்ஸ்டர்.

கடையில் பார்க்க வேண்டியதும் இதுவே முதலில். ட்ரிகர் காப்பு வளையம் முழுவதும் மூடியிருக்கிறதா? வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் வளைந்து ட்ரிகரைத் தொடுகிறதா? தொட்டால் வேண்டாம். அடுத்தது பிடிமானம்: தோட்டா இல்லாத பிஸ்டலைச் செருகி, மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து லேசாக ஆட்டினால் விழக்கூடாது. மூன்றாவது, துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும். வாய் சுருங்கிவிட்டால் திரும்பச் செருக இன்னொரு கையால் விரித்துப் பிடிக்க வேண்டிவரும். அந்தக் கை துப்பாக்கி வாய்க்கு நேரே போகும். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று விற்கிற மெல்லிய நைலான் உறைகள் இந்த மூன்றிலுமே தேறாது. உங்கள் மாடலுக்கென்றே வார்த்த உறையாக இருக்கட்டும். பிஸ்டலில் விளக்கு பூட்டியிருந்தால் அந்த விளக்குக்கென வார்த்ததே வேண்டும்.

கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தவைதான் இப்போது அதிகம். வியர்வைக்கு அசையாது, வடிவம் மாறாது, 60-லிருந்து 100 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். தோல் உறை உடம்புக்கு இதமானது, சத்தம் போடாது. ஆனால் வருடங்கள் போகப் போகத் தளரும். தளர்ந்த தோலின் விளிம்பு உள்ளே மடிந்து ட்ரிகர் வளையத்துக்குள் போய், செருகும்போது வெடித்த சம்பவங்கள் உண்டு. தோலை விரும்புகிறவர்கள் அதன் வாய் விளிம்பை அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தளர்ந்ததும் தயங்காமல் தூக்கிப் போடவும் வேண்டும்.

முன்பக்க ஹோல்ஸ்டர்களில் இரண்டு சின்ன உறுப்புகளைக் கவனியுங்கள். ட்ரிகர் பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் ‘கிளா’ என்பார்கள். பெல்ட்டை இறுக்கியதும் பெல்ட்டின் உள்பக்கம் இந்தக் கொம்பைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் ஹோல்ஸ்டர் இம்மி திரும்பி, கைப்பிடியைக் கொண்டுபோய் வயிற்றோடு ஒட்டிவிடும். மற்றொன்று ஹோல்ஸ்டரின் அடியில், உடம்பு படுகிற பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சுத் துண்டு. ‘வெட்ஜ்’ என்று பெயர். அது குழல்பக்கத்தை உடம்பிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளுவதால் மேல்பக்கம் உள்ளே சாய்கிறது. ஒன்று பக்கவாட்டில் திருப்புகிறது, மற்றது மேலும் கீழுமாகச் சாய்க்கிறது. கண்ணாடி முன் நின்று, இவை இருக்கும்போதும் கழற்றிய பிறகும் சட்டையைப் பார்த்தால், கைப்பிடியின் அந்த மூலை வருவதும் மறைவதும் அப்படியே தெரியும். பக்க இடுப்பில் வைப்பவர்களுக்கு இந்த வேலையைச் செய்வது சாய்வு. கைப்பிடி முன்னோக்கிச் சாயும்படி சுமார் 15 பாகை திருப்பி மாட்டினால் அதன் மூலை முதுகுக்குப் பின்னே துருத்தாமல் விலாவின் கோட்டோடு போகும்.

அடுத்தது பெல்ட். இதில்தான் எல்லாரும் சிக்கனம் பார்க்கிறார்கள், இதில்தான் பார்க்கக்கூடாது. அலுவலகத்துக்குப் போடுகிற மெல்லிய தோல் பெல்ட் 900 கிராமைத் தாங்காது. அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் வளைந்து, துப்பாக்கி வெளியே சரிந்துவிடும். அப்போது எந்தச் சட்டையும் உதவாது. துப்பாக்கிக்கென்று செய்த பெல்ட் ஒன்றரை அங்குல அகலத்தில், இரட்டைத் தோலாகவோ உள்ளே கெட்டிப் பட்டை வைத்த நைலானாகவோ இருக்கும். கையில் எடுத்து, படுக்கைவசத்தில் முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுக்கிக்கொண்டால் அது வேலைக்காகாது. ஓட்டைகளுக்குப் பதிலாகப் பல்வரிசை வைத்து கால் அங்குலக் கணக்கில் இறுக்குகிற வகை எனக்குப் பிடித்தது. சாப்பிட்டு உட்காரும்போது ஒரு பல் தளர்த்திக்கொள்ளலாம், நிற்கும்போது இறுக்கிக்கொள்ளலாம். நாடா, எலாஸ்டிக் வைத்த பைஜாமா, டிராக் பேன்ட் வகைகளில் பெல்ட்டுக்கே இடமில்லை என்பதால் அவற்றோடு துப்பாக்கி சுமப்பதை மறந்துவிடலாம்.

பேன்ட்டுக்குள் வைப்பதானால் இடுப்பளவு ஒன்று அல்லது இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஹோல்ஸ்டரை மட்டும் எடுத்துப்போய் அதை வைத்தே அளவு பாருங்கள். லூப்கள் கெட்டியாகவும் ஒன்றரை அங்குல பெல்ட் நுழையும்படியும் இருக்கட்டும். கொஞ்சம் இழுபடும் துணி கலந்த ஜீன்ஸ் உட்காரும்போது மிகவும் சுகம்.

சட்டையில் நிறைய பேர் செய்வது, இரண்டு அளவு பெரிதாக வாங்கித் தொளதொளவென்று தொங்கவிடுவது. அது மறைப்பதைவிடக் காட்டிக்கொடுக்கும். காற்று வீசினால் அதிகத் துணி கைப்பிடியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். தோளில் சரியாக நின்று, வயிற்றுப் பகுதியில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருந்தால் போதும். பெரும்பாலும் ஓர் அளவு கூட்டினாலே அமைந்துவிடும். துணியின் கனம் முக்கியம். மெல்லிய டி-ஷர்ட் அடியில் இருப்பதன் வடிவத்தை அப்படியே எடுத்துக்காட்டும். கனமான பருத்தி, ஃபிளானல், கெட்டி போலோ துணிகள் புடைப்பின் மேல் ஒட்டாமல் நேராக விழும். நிறத்தைவிடவும் கோலம் உதவுகிறது. ஒரே வெளிர் நிறத்தில் நிழல் தெரிந்துவிடும். கட்டம், பூப்போட்டது, சிறு அச்சு ஆகியவற்றில் அந்த நிழல் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. வெயில் மாநிலங்களில் பூப்போட்ட அரைக்கைச் சட்டைகள் துப்பாக்கிக்காரர்களிடம் பிரபலமாக இருப்பது சும்மா இல்லை. அடிவிளிம்பு நேராக வெட்டியதாக இருந்தால், சட்டையை இன் பண்ணாமல் விட்டாலும் பார்ப்பதற்கு இயல்பாக இருக்கும். இன் பண்ணுவதற்கென்று வால்போல நீட்டித் தைத்த சட்டைகள் பக்கவாட்டில் குறைந்து, 3 மணி நிலையில் இருப்பதைத் திறந்து காட்டிவிடும்.

புகைப்படக்காரர்கள் போடுகிற பல பை வைத்த கையில்லாக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். எண்பது டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் அதைப் பார்த்தவுடனேயே உள்ளே என்ன இருக்கிறது என்று விஷயம் தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். ஹூஸ்டன், மயாமி போன்ற ஈரப்பதமான ஊர்களில் உள்ளே ஒரு பனியன் அவசியம். தோல் உராய்ந்து புண்ணாகாமல் இருக்கும், வியர்வையும் நேரே இரும்பில் படாது. நீல மெருகேற்றிய பழைய 1911-ஐ ஒரு கோடை முழுக்க வெற்றுடம்பில் வைத்துச் சுமந்தால் துரு பிடித்துவிடும்.

பெண்களுக்கு மேலே சொன்னதில் பாதி அப்படியே பொருந்தாது. இடுப்புக்கும் விலாவுக்கும் உள்ள வளைவினால் பக்க இடுப்பில் வைத்த முழு அளவு பிஸ்டலின் கைப்பிடி விலாவில் குத்தும். பெண்கள் ஜீன்ஸில் லூப்கள் மெல்லியவை, தூரம் தூரமாக இருப்பவை. பலருக்கு முன்பக்கமே ஒத்துவருகிறது. இல்லையெனில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டி. ஆனால் அந்தப் பட்டியிலும் ட்ரிகரை மூட உள்ளே கெட்டியான உறை இருந்தே ஆக வேண்டும். ஜீன்ஸ் மேல் குர்தா போடுபவர்களுக்கு மறைப்பு பிரமாதமாக இருக்கும். அதே நீளம் எடுக்கும்போது கையைத் தடுக்கும் என்பதால், வீட்டில் பலமுறை பழகிப் பார்த்த பிறகே வெளியே போங்கள். கைப்பையில் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டது. அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவர் முறையாக உரிமம் பெற்றவர். குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் எதுவும் கிடையாது.

எல்லாம் வாங்கியதும் நேரே தெருவுக்குப் போய்விடாதீர்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறை காலிதானா என்று இரண்டு முறை பார்த்து, வெற்றுத் துப்பாக்கியோடு அல்லது அதே அளவில் வார்த்த நீலப் பிளாஸ்டிக் பொம்மையோடு சில நாட்கள் வீட்டுக்குள் நடமாடுங்கள். கைகளைத் தூக்கி மேலலமாரியில் எதையாவது எடுங்கள். ஷூ நாடாவைக் கட்டுங்கள். பின்சரிவில் வைத்தவர் இடுப்பை மடக்கிக் குனிந்தால் முதுகில் ஒரு மூலை முளைக்கும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். காரில் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டுப் பாருங்கள், பக்கிள் கைப்பிடியில் இடிக்கிறதா என்று தெரியும். பிறகு வீட்டிலுள்ள ஒருவரிடம், துப்பாக்கி எந்தப் பக்கம் என்று சொல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் துணியைவிட உங்கள் கைதான் காட்டிக்கொடுக்கும். இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, சட்டையை இழுத்து விடுவது இரண்டையும் நிறுத்துவதற்குத்தான் இந்த ஒத்திகை.

திரும்பச் செருகும்போது அவசரமே வேண்டாம். சட்டை விளிம்பும் ஜாக்கெட் நாடாவும் ட்ரிகர் வளையத்தில் சிக்காதபடி மேலே தூக்கிப் பிடித்து, விரல் வெளியே நீட்டியிருக்க, கண்ணால் பார்த்தபடி மெதுவாக இறக்குங்கள். பொதுக் கழிவறையில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து அலமாரியிலோ தண்ணீர்த் தொட்டி மேலோ வைக்காதீர்கள். மறந்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். உறையோடு சேர்த்து, இறக்கிய பேன்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கூட்டாட்சி நீதிமன்றம், விமான நிலையத்தின் சோதனைக்கு உட்பட்ட பகுதி போன்ற இடங்களுக்குப் போகிற நாளில் வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுவது உத்தமம். காரில் விட்டே ஆகவேண்டும் என்றால் இருக்கைச் சட்டத்தோடு கம்பியால் பிணைத்த பூட்டுப் பெட்டியில் வையுங்கள். கார் டேஷ்போர்டு பெட்டி திருடன் முதலில் திறக்கிற இடம். உள்நாட்டு விமானத்தில் கொண்டுபோக வேண்டுமானால் தோட்டா நீக்கி, கெட்டிப் பெட்டியில் பூட்டி, கவுன்ட்டரில் அறிவித்து, செக்-இன் பெட்டியாகத்தான் அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வருகிறவர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ரேஞ்சுக்கு எடுத்துப்போகிற பையையோ, துப்பாக்கியோடு போட்ட ஜாக்கெட்டையோ பயணத்துக்கு எடுக்காதீர்கள். பை மடிப்பில் தங்கிப்போன ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகிப் பயணம் முடங்கியவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் வந்தது என்று கடைசியில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும், அதுவரை அலைய வேண்டியிருக்கும். ஊருக்கு வருவதற்கென்று தனிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துப்பாக்கி இருக்கும் அலமாரியில் வைக்காமல் இருப்பதும் நல்லது.